பணப் பெட்டியும் ஓட்டுப் பெட்டியும்



ஆதியாகமத்தில் வரும் ஏசாவின் சரித்திரத்தை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். வேட்டைக்குப் போன மூத்தவன் பசியோடு திரும்பி வந்தான். அடுப்பில் பயற்றங்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிண்ணம் கூழுக்காகத் தன் தலைச்சன் உரிமையைத் தம்பிக்கு விற்றான். உண்டு குடித்து எழுந்து போனான். அவன் பசி மெய்யான பசிதான். கூழும் மெய்யான கூழ்தான். ஆனால் மறுநாள் பசி திரும்பி வந்தது. உரிமை திரும்பி வரவில்லை.

இவ்வாரப் பாடம் அரசியலைப் பற்றியது. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்வது குருவின் வேலையன்று. அதை இத்தாளில் ஒருபோதும் எதிர்பார்க்க வேண்டாம். பணம் ஆட்சியை எவ்வாறு ஆட்டிவைக்கிறது, அதில் ஒரு கிறீஸ்தவக் குடும்பத்தின் பொறுப்பு என்ன என்பதையே நாம் ஆராயப் போகிறோம்.

1. சொத்துக்கு ஓட்டு இருந்த காலம்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஓட்டு மனிதனுக்கு இருக்கவில்லை, சொத்துக்கே இருந்தது. 1919-ம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி, 1920-ல் சென்னை மாகாணத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. மாகாணத்தின் ஜனத்தொகை சுமார் 4 கோடி. ஓட்டர் பட்டியலில் இருந்தவர்களோ சுமார் 12 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூன்று பேர். இன்ன அளவு நிலமோ வரியோ உள்ளவனுக்கே பெரும்பாலும் ஓட்டு. பண்ணையாளுக்கு ஓட்டு இல்லை. தறியில் உட்கார்ந்தவனுக்கு இல்லை. ஏறக்குறையப் பெண்கள் யாருக்குமே இல்லை.

சொத்துள்ளவர்கள் ஓட்டுப் போட்டால், ஆட்சிப் பீடத்தில் யார் உட்காருவார்கள்? பனகல் ராஜா, பொப்பிலி ராஜா என்று அக்கால முதல் மந்திரிகளின் பெயர்களே பதில் சொல்லும். நம் ஜில்லாவிலும் உதாரணம் உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது இங்கே கேள்வியன்று. சுப்பராயன் படித்தவர், பண்பாளர். ஆனால் கோட்டைக்குப் போகும் வாசல் சொத்துள்ளவனுக்குத்தான் திறந்திருந்தது. அவருடைய நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கு அது சுவர். அதுவே கேள்வி.

2. பணம் கொள்கையைத் தீர்மானிக்கிறதா?

மனிதனுடைய பொருளாதார நிலையே அவனுடைய எண்ணங்களை உருவாக்குகிறது என்று கம்யூனிஸ்டுகள் கற்பித்தார்கள். இது முழு உண்மையா? அதே குமாரமங்கலம் ஜமீன் வீட்டைப் பாருங்கள். சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். திரும்பி வந்து கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். பின்னாளில் காங்கிரஸ் மந்திரிசபையில் இரும்பு, சுரங்க இலாகாவை வகித்து 1973-ல் விமான விபத்தில் மாண்டார். மகள் பார்வதி கிருஷ்ணன் 1957-ல் கோயம்புத்தூரிலிருந்து கம்யூனிஸ்டு அங்கத்தினராகப் பார்லிமெண்டுக்குப் போனார். இன்னொரு மகன் ஜெனரல் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்குத் தலைமை வகித்தார். ஒரே வீடு, ஒரே சொத்து, ஒரே சாப்பாடு, பாதைகளோ வெவ்வேறு. சர்வேசுரன் மனிதனுக்குச் சுயாதீனத்தைக் கொடுத்திருக்கிறார். பணம் மனச்சாட்சியைச் சாய்க்கலாம். கட்டிப்போட அதனால் முடியாது.

ஆயினும் சாய்க்கிறது என்பதை மறுக்க வேண்டாம். நம் பைக்கு எது இதமோ அதுவே நியாயமாக நமக்குத் தோன்றுகிறது. கூலி கொடுப்பவனுக்குக் கூலி உயர்வு அநியாயமாகத் தெரியும். வட்டி வாங்குபவனுக்கு வட்டிச் சட்டம் கொடுமையாகத் தெரியும். லஞ்சம் ஞானிகளின் கண்களையும் குருடாக்கும் என்று மோயீசன் எச்சரித்தது இதனால்தான். மூடர்களின் கண்களை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் எழுதிய ‘ரேரும் நொவாரும்’ நிருபத்தில், சொந்தச் சொத்து வைத்திருக்க மனிதனுக்கு உரிமை உண்டென்றும், அதே சமயம் தொழிலாளிக்குக் குடும்பம் நடத்தப் போதுமான கூலி கொடுக்கவேண்டியது நீதியின் கடமையென்றும் போதித்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1931-ல், 11-ம் பத்திநாதர் இன்னொரு படி மேலே போனார். செல்வம் சிலருடைய கைகளில் குவியும்போது அது செல்வமாகவே நின்றுவிடாது, அதிகாரமாக மாறும், அந்த அதிகாரம் அரசாங்கத்தையே தன் வேலைக்காரனாக்கிக்கொள்ளப் பார்க்கும் என்று அவர் கண்டித்தார். யாவருக்கும் பொது நீதிபதியாக இருக்க வேண்டிய அரசாங்கம் ஒரு கட்சிக்காரனின் கையாளாகிவிட்டால், ஏழை எங்கே போய் முறையிடுவான்?

3. முன்வாசலும் கொல்லைப்புற வாசலும்

1950 ஜனவரி 26-ல் நம் அரசியல் சாசனம் அமலுக்கு வந்தபோது சொத்துக் கணக்கு ஒழிந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1951-52 பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடிப் பேர் பட்டியலில் இருந்தார்கள். அதற்கு முன்பே, 1948-ம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழிக்கத் தொடங்கியிருந்தது. ஜமீன்தாருக்கும் ஒரு ஓட்டு. பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. ஏழைக்கும் செல்வந்தனுக்கும் சரிசமமாகக் கிடைத்த சொத்து நம் நாட்டில் அது ஒன்றுதான்.

முன்வாசலில் துரத்தப்பட்ட பணம் சும்மா இருக்குமா? கொல்லைப்புறமாக இரண்டு வழிகளில் உள்ளே வந்தது.

ஒன்று பெரிய வழி. 2018 முதல் தேர்தல் பத்திரங்கள் என்று ஸ்டேட் பாங்கில் விற்கப்பட்டன. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்கள். யாரும், எந்தக் கம்பெனியும், வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யாரென்று ஓட்டுப் போடும் பொதுமக்களுக்குத் தெரியாது. இவ்வழியில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் கட்சிகளுக்குச் சென்றது. 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தார்கள். கட்சிக்குப் பணம் கொடுத்தவன் யாரென்று அறிவது ஓட்டரின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம். பிறகு பட்டியல் வெளிவந்தது. அதில் மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது எது தெரியுமா? கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரிக் கம்பெனி. நம் மாநிலத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. மற்ற மாநிலங்களில் விற்பனை உண்டு. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் பெரும்பாலும் கூலிக்காரன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஆசையோடு கொடுத்த சில்லறை எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா?

மற்றது சிறிய வழி. அது நம் வீட்டு வாசலுக்கே வருகிறது, கவரில் வருகிறது. 2016-ல் காவேரிக்கு அப்பால் கரூர் ஜில்லாவிலுள்ள அரவக்குறிச்சியிலும், தஞ்சாவூரிலும், பணம் விநியோகம் நடந்ததென்று தேர்தல் கமிஷன் சட்டசபைத் தேர்தலையே ரத்து செய்து, நவம்பர் மாதம் மறுபடி நடத்தியது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் பார்லிமெண்டுத் தேர்தலும் அதே காரணத்தால் நின்றுபோயின. தமிழனுக்கு இது பெருமையா?

4. ஒரு தாயின் கேள்வி

தேர்தல் சமயத்தில் ஒருநாள் பூசை முடிந்தபின் ஒரு தாய் வந்து நின்றார். “சாமி, கவர் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பையனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டணும். எல்லாம் நம்மகிட்ட அடிச்ச பணந்தானே சாமி? வாங்கிட்டு மனசுக்குப் புடிச்சவங்களுக்கே போட்டா என்ன தப்பு?” என்று கேட்டார். இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. அவர் பசி ஏசாவின் பசியைப்போல மெய்யான பசி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சட்டசபைத் தொகுதியில் ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் 10 கோடி ரூபாய். ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022-ல் நம் மாநிலத்துக்கு விதிக்கப்பட்ட வரம்போ 40 லட்சம். அதைப்போல 25 மடங்கு போட்டவன் அதைத் தருமமாகவா போட்டான்? ஆற்று மணலிலும், ரோடு காண்டிராக்டிலும், ஆஸ்பத்திரி மருந்திலும் அதை எடுக்காமல் விடுவானா? பெறுகிறவருக்குக் கிடைப்பது என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு 1,826 நாட்கள். ஆயிரம் ரூபாயை வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 55 காசுக்கும் குறைவு. நாமக்கல் பண்ணையில் முட்டை ஐந்து ரூபாய் விற்றாலும், அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு.

இரண்டாவது, வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போட்டாலும் குற்றம் நீங்காது. எல்லோரும் வாங்குவார்கள் என்ற தைரியத்தில்தான் கொடுப்பவன் கொடுக்கிறான். கையில் 10 கோடி இல்லாத ஒரு நல்ல பள்ளி ஆசிரியரோ, நெசவாளியோ, விவசாயியோ தேர்தலில் நிற்கவே முடியாமல் போவது இதனால்தான். ஓட்டுப் போடுகிறவனுக்குச் சொத்து வேண்டும் என்பது 1920-ன் சட்டம்; நிற்கிறவனுக்குச் சொத்து வேண்டும் என்பது நாம் வாங்குகிற கவர் எழுதுகிற சட்டம். பாட்டனுக்கு இல்லாதிருந்த உரிமையைப் பேரன் தன் கையாலேயே திருப்பிக் கொடுக்கிறான்.

மூன்றாவது, நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் இருவருமே குற்றவாளிகள். ஓராண்டுச் சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நீதியுள்ள சட்டத்துக்குக் கீழ்ப்படிவது கிறீஸ்தவனின் கடமை.

முன்பே வாங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும், பாவமான காரியத்துக்குச் செய்த சத்தியம் யாரையும் கட்டாது. ஓட்டு உங்களுடையது, சுயாதீனமாகப் போடுங்கள். பணத்தை வைத்துக்கொள்ளாமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தாய்க்கு இவ்வளவும் சொன்னால் போதுமா? போதாது. பள்ளிப் பணத்துக்கு வழி காட்டாமல் உபதேசம் மட்டும் செய்தால் அது பாதி உபதேசம். கவரை மறுக்கும் ஏழைக் குடும்பத்துக்குத் துணை நிற்பது பங்கின் கடன். நம் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்கள் இதை மனதில் வைக்கக் கோருகிறேன்.

5. நம் கோவிலிலும்

அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்லி முடித்தால் நாம் பரிசேயர்கள் ஆவோம். பொன் மோதிரம் அணிந்தவன் சபைக்கு வந்தால் நல்ல இடம் கொடுத்து, கந்தையணிந்த ஏழையைக் கீழே உட்காரச் சொல்லும் கிறீஸ்தவர்களை அர்ச். இயாகப்பர் கடிந்துகொண்டார். நம் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு? பங்குக் கூட்டத்தில் யார் பேசினால் நாம் உடனே தலையாட்டுகிறோம்? பெரிய தொகை எழுதியவரின் யோசனை நல்ல யோசனையாகத் தோன்றிய சமயங்கள் எனக்கும் உண்டு. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். பணத்துக்குக் கோவிலில் கும்பிடு போட்டுப் பழகிய முதுகு, வெளியே போய் நிமிர்ந்து நிற்காது.

பணம் உள்ளவர்களே, உங்களைச் சர்வேசுரன் வெறுக்கவில்லை. வரி வசூலில் பணக்காரனான சக்கேயு வீட்டுக்கு ஆண்டவர் தாமே விருந்தாளியாகப் போனார். அன்றே அவன் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், வஞ்சித்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தான். பணம் மனிதனுக்கு எஜமானாக இல்லாமல் ஊழியனானது அந்த வீட்டில்தான்.

குடும்பமாகச் சிந்திக்க

இன்றிரவு ஜெபமாலைக்குப் பின் பிள்ளைகளையும் உட்கார வைத்து இவற்றைப் பேசுங்கள்:

1. நம் வீட்டுப் பெரியவர்களில் முதன்முதலாக ஓட்டுப் போட்டவர் யார்? அவருடைய தகப்பனாருக்கு ஓட்டு இருந்ததா?

2. ஒருவர் பணக்காரர் என்பதற்காக அவருடைய சொல்லை நியாயம் என்று ஏற்ற சந்தர்ப்பம் நமக்கு உண்டா?

3. கவர் வாசலுக்கு வந்தால் வீட்டில் யார் பதில் சொல்வது? என்ன பதில்?

இவ்வார ஞான முயற்சி: மூன்றாம் கேள்விக்குரிய பதிலைக் குடும்பத்தில் எல்லோரும் ஒருமிக்க இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஏசா கூழின் வாசனை மூக்கில் ஏறியபின் யோசித்தான், அதனால்தான் தோற்றான்.

சேசுவின் ஊழியத்தில்,
உங்கள் பங்குக் குரு