ஈரப்பதமானிக்குள் ஒரு சிறு கணிப்பொறி

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை முடிந்து, நேரடிக் கொள்முதல் நிலையத்திற்கு நெல் கொண்டு செல்லும் விவசாயிகள் முதலில் சந்திப்பது ஈரப்பதமானியைத்தான். அரசு தளர்வு அளிக்காத காலங்களில் 17 சதவிகிதம் வரை ஈரப்பதமுள்ள நெல்லே ஏற்கப்படுகிறது. கருவி 18 என்று காட்டினால் மூடைகள் களத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

கருவி வேலை செய்யும் விதம்

கருவிக்குள் நகத்தளவேயான 'மைக்ரோ கண்ட்ரோலர்' சில்லு இருக்கிறது. 1971ல் இண்டெல் நிறுவனம் 4004 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் கணக்கிடும் பகுதியும் நினைவகமும் ஒரே சில்லில் அடங்கின. அலுவலகக் கணிப்பொறி பல வேலை செய்யும். இதுவோ தொழிற்சாலையில் பதித்த ஒரே வேலையைத்தான் செய்யும். மின்னணுத் தராசு, மின் மீட்டர், செல்போனால் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றிலும் இத்தகைய சில்லே உள்ளது.

ஈரப்பதமானி நீரை நேரடியாக அளப்பதில்லை. நெல்லின் மின் தன்மையை அளக்கிறது. ஈரம் மிகுந்தால் அத்தன்மை மாறும். சில்லு அந்த அளவை, நினைவகத்திலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, வெப்பநிலைக்கேற்பத் திருத்திச் சதவிகிதமாகக் காட்டுகிறது. அட்டவணை பயிருக்குப் பயிர் வேறுபடும். நெல்லை வைத்து அரிசிக்குரிய எண்ணை அழுத்தினால் விடை தவறாகவே வரும்.

கவனிக்க வேண்டியவை

1. வெயிலில் காய்ந்த நெல்லைச் சூட்டோடு அளக்கலாகாது. மேல்புறம் உலர்ந்தும் உட்புறம் ஈரமாகவும் இருக்கும். சில மணி நேரம் நிழலில் குவித்து வைத்தபின் அளக்கவும்.

2. பனியில் நனைந்த மேல் நெல்லை மட்டும் எடுத்தால் ஈரம் கூடுதலாகக் காட்டும். பல மூடைகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து எடுத்துக் கலக்கவும்.

3. பதர், தூசி நீக்கி, மூன்று முறை அளந்து சராசரி காணவும். மூன்றும் வெகுவாக வேறுபட்டால் கலவை சரியில்லை, அல்லது பாட்டரி பலம் குன்றியிருக்கலாம்.

4. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்திற்கு ஒருமுறை முத்திரை தேவை. மூடை ஏற்றுமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கவும்.

அதிகம் காய்ச்சினாலும் நஷ்டமே

20 சதவிகித ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் உலர்பொருள் 800 கிலோ. அதை 17 சதவிகிதத்துக்குக் காய்ச்சினால் 964 கிலோ நிற்கும். 14க்குக் காய்ச்சினால் 930 கிலோதான். சேமித்து வைக்க 14 நல்லது. உடனே விற்பதாயின், டன்னுக்கு 34 கிலோ எடை வீணே குறைகிறது. 40 கிலோ மூடையில் ஏறக்குறைய ஒரு மூடை!

எனவே களத்திலேயே அளந்து, 17க்குச் சற்றுக் கீழே வந்ததும் மூடை கட்டுவதே லாபம். பக்கத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.