பள்ளிச் சேர்க்கையும் நேர்முகத் தேர்வும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளிலிருந்து பெற்றோர் பலர் தம் மக்களை அழைத்துக்கொண்டு மதுரை நகரப் பள்ளிகளை நாடிச் செல்கின்றனர். பிள்ளையை எதிரே நிறுத்தி நான்கு கேள்விகள் கேட்டு, பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் விசாரித்து, "இடமில்லை" என்று அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. ஊர் திரும்பும் பெற்றோர், பிள்ளைக்குச் சாமர்த்தியம் போதாது என்று தாமே முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரிதானா? நேர்முகத் தேர்வில் அளக்கப்படுவது பிள்ளையின் அறிவு மட்டுந்தானா, கேள்வி கேட்பவரின் இயல்பும் அதில் கலந்துள்ளதா என்பதை இங்கு ஆராய்வோம்.

கேள்வி கேட்பவரே மரக்கால்

களத்தில் நெல் அளந்த காலத்தில் முத்திரையிட்ட மரக்காலையே நாம் நம்பினோம். மரக்கால் ஆளுக்கு ஆள் மாறினால், நெல்லில் குறையில்லாவிடினும் கணக்கில் குறை விழும். எழுத்துத் தேர்வில் வினாத்தாள் யாவர்க்கும் ஒன்றே. நேர்முகத் தேர்விலோ கேள்வி கேட்பவரே மரக்கால் ஆகிறார்.

அவர் கடுகடுத்த முகத்தினராயின், வீட்டில் கலகலவெனப் பேசும் பிள்ளையும் வாயடைத்து நிற்கும். இன்முகத்தோடு, "உங்கள் வீட்டில் எத்தனை ஆடுகள்?" என்று தொடங்குவாராயின், அதே பிள்ளை எண்ணிக்கையோடு ஆட்டின் பெயரையும் சொல்லும். பொறுமையற்றவர், பிள்ளை யோசிக்கும் நேரத்தை அறியாமை என்று எண்ணிவிடுவார். தம்மைப் போலவே பேசுவோரையும் உடுத்துவோரையும் விரும்புபவர், பேச்சில் ஊர் வாடை வீசினால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். இவற்றை அவர் வேண்டுமென்றே செய்வதில்லை. தாம் நடுநிலையில் இருப்பதாகவே நம்புகிறார். திருத்துவது கடினமாயிருப்பதற்கு அதுவே காரணம்.

1920ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ன்டைக் என்பவர், இராணுவ அதிகாரிகள் தம்கீழ் உள்ளோருக்கு இட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தார். ஒருவரின் உடற்கட்டு, அறிவு, ஒழுக்கம், தலைமைத் திறன் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட வேண்டியவர்கள், ஒன்றில் நல்லெண்ணம் கொண்டால் மற்றவற்றிலும் உயர்த்தியே மதிப்பிட்டிருக்கக் கண்டார். வயது வந்தோரை அளப்பதிலேயே இத்தகைய பிழை நேருமாயின், ஆறு வயதுக் குழந்தையைச் சில நிமிடங்களில் அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

நீதிமன்றம் கண்ட உண்மை

இது நம் மாநிலத்திலேயே வழக்காக எழுந்த செய்தியாகும். 1970ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணுள் 75 நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சென்னை நகரக் கல்லூரிகள் ஓர் அலகாகவும், வெளியூர்க் கல்லூரிகள் தனித்தனி அலகுகளாகவும் பிரிக்கப்பட்டு, அலகுதோறும் தனித் தேர்வுக்குழு அமைந்தது. பெரியகருப்பன் என்ற மாணவர் பெயரால் வழங்கும் வழக்கில் உச்சநீதிமன்றம் அலகுமுறையை ஏற்க மறுத்தது. ஒரு மாணவரைச் சராசரியாக மூன்று நிமிடமே பேட்டி கண்டு திறமையை அறிதல் அரிது என்பதும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டது.

ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரி பற்றிய வழக்கில் 1980இல் அதே நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. அங்கு எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண். இரண்டு மூன்று நிமிடப் பேட்டியில் பெற்றோரையும் இருப்பிடத்தையும் பற்றியே கேட்டனர் என்பது மாணவர்களின் முறையீடு. இத்தகைய சேர்க்கையில் நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது நெறியற்றது என்று நீதிமன்றம் கூறியது.

இன்றைய சட்டம்

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையைச் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டுவதை அதன் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதன்முறை ரூ. 25,000 வரையும், பின்னர் ஒவ்வொரு முறையும் ரூ. 50,000 வரையும் அபராதம் விதிக்கலாம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒருவரை விடுத்து மற்றொருவரைத் தெரிந்தெடுக்க நேர்ந்தால் குலுக்கல் போன்ற முறையே சட்டம் ஏற்பது. இது நமக்குப் புதியதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை விளக்குகின்றன. முகதாட்சணியம் புகாமலிருக்க நம் முன்னோர் கண்ட வழி அது.

நாம் செய்யத்தக்கவை

1. தடையுள்ள வகுப்புகளில் நேர்முகத் தேர்வு நடப்பதாக அறிந்தால், உரிய உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடுக. மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். முடிவில் குறையிருப்பின் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு.

2. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோரே. சேர்க்கைக்கு முன்னரே குழுவைக் கூட்டி இவ்விதிகளைப் படித்துக் காட்டுக.

3. மேல்நிலை வகுப்பு, விடுதி, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு நேர்முகம் நடப்பின், எல்லோர்க்கும் ஒரே கேள்விகள், இருவர் தனித்தனியே இடும் மதிப்பெண், தலைப்புவாரியாக எழுதிய குறிப்பு ஆகிய மூன்றையும் கோருக. மரக்காலுக்கு முத்திரையிடுவது இதுவே.

4. "இடமில்லை" என்ற சொல்லைப் பிள்ளையின் அறிவுக்குக் கிடைத்த தீர்ப்பாக எண்ணற்க. பிள்ளையின் காதுபட அவ்வாறு பேசவும் வேண்டா.

ஒருவரின் சில நிமிட மனநிலை ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையின் பல்லாண்டு வாழ்வை நிர்ணயிக்க விடலாகாது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது; ஊர்தோறும் அதனை அறிந்து எடுத்துச் சொல்வோர் இருத்தல் வேண்டும். அப்பணியை ஊராட்சி அன்பர்கள் வரும் சேர்க்கைக் காலத்திலேயே மேற்கொள்வார்களாக.