பையில் வந்த தாள்

மாலை ஐந்து மணி. ஆனைக்கரையில் மழை தூறுகிறது. ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு ஓர் அம்மா வீடு திரும்புகிறார். சேலை முழங்கால் வரை நனைந்திருக்கிறது. அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குள் மகள் ஓடி வருகிறாள். அவள் மூன்றாம் வகுப்பு.

"அம்மா, டீச்சர் தாள் குடுத்தாங்க. கையெழுத்துப் போடணுமாம்."

முன்பெல்லாம் அந்த அம்மா கைநாட்டு வைப்பார். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்கமாட்டார். கேட்டாலும் யார் படித்துச் சொல்வது? இப்போது அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். விளக்குப் பக்கம் தாளைப் பிடித்தார். மேலே மலையாளம். கீழே தமிழ்.

"வகுப்பு... பெற்றோர்... கூட்டம். வெள்ளிக்கிழமை... மதியம் 2 மணி."

படித்து முடித்தார். சந்தோஷம் வந்தது. கூடவே கவலையும் வந்தது. வெள்ளிக்கிழமை வேலை நாள். மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமானால் அன்றைய கூலி போய்விடும்.

இந்த அம்மாவுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளலாம்.

தாள் ஏன் வருகிறது?

பள்ளிக்கூடம் நமக்கு உபகாரம் செய்வதற்காகத் தாள் அனுப்பவில்லை. அது சட்டம். 2009-ஆம் ஆண்டு நம் நாட்டில் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது அந்தச் சட்டம். இது பலருக்கும் தெரியும். அதன் 24-ஆம் பிரிவு அவ்வளவாகத் தெரியாது.

அந்தப் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வர வேண்டும். பாடத்தை முடிக்க வேண்டும். அத்துடன் இன்னொரு கடமையும் இருக்கிறது. பெற்றோரை அவ்வப்போது கூட்டிப் பேச வேண்டும். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறதா, அதற்கு எவ்வளவு புரிகிறது, படிப்பில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை எல்லாம் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே, "என் பிள்ளை எப்படிப் படிக்குது டீச்சர்?" என்று கேட்க நீங்கள் தயங்க வேண்டாம்.

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுவில் 16 பேர் என்றால் 12 பேர் பெற்றோர். 8 பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவது இந்தக் குழு. வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் இது யோசனை சொல்லும் குழுவாக இருக்கும்.

இது தவிர, கேரளத்தில் பி.டி.ஏ. வெகு காலமாக உண்டு. வகுப்புக்கு ஒரு பி.டி.ஏ. கூடுவதும் உண்டு. நம் அம்மாவுக்கு வந்த தாள் வகுப்புக் கூட்டத்துக்கான தாள்.

எந்த மொழியில்?

நம் பக்கத்தில் இது பெரிய கேள்வி. இடுக்கியில் ஏல மலையிலும் தேயிலை மலையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் அப்படியே. பிள்ளைகள் மலையாளமும் படிக்கிறார்கள். நாம் இப்போதுதான் தமிழ் எழுத்துக் கற்றோம். தாள் மலையாளத்தில் மட்டும் வந்தால் மறுபடியும் நாம் கைநாட்டுத்தான்.

இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் பாடம் சொல்லித்தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தது. தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்பது சண்டை போடுவது ஆகாது. கேட்டால்தான் ஆசிரியருக்கும் தெரியும்.

இப்போது பல பள்ளிகளில் தகவல் கைப்பேசியில் வருகிறது. நல்லதுதான். ஆனால் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே ஒன்று. அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அப்பா கம்பத்துக்குப் போயிருப்பார். குரலில் பேசி அனுப்பினால் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். ஆனாலும் தாளுக்கு ஒரு குணம் உண்டு. சுவரில் ஆணி அடித்து மாட்டி வைக்கலாம். தேதி மறந்தால் எழுந்து போய்ப் பார்க்கலாம்.

கூட்டத்தில் கேட்ட கேள்வி

நம் அம்மா கூட்டத்துக்குப் போனார். எப்படிப் போனார் என்பதைப் பிறகு சொல்கிறோம். வகுப்பறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக உட்காரவில்லை. வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பேச்சு. ஒரே சத்தம்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எம் மக பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுக் கேட்டு எழுதுறா. அது காப்பி அடிக்கிறது இல்லையா? இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா எப்பப் படிப்பாங்க?"

டீச்சர் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி அம்மா. உள்ளே வந்து உட்காருங்க. அவங்க என்ன பேசுறாங்கன்னு கேளுங்க" என்றார்.

இந்தக் கேள்வி புதிது அல்ல. 1994-இல் நாட்டில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. டி.பி.இ.பி. என்று சொன்னால் பெரியவர்களுக்கு நினைவு வரும். கேரளத்தில் முதலில் காசர்கோடு, வயநாடு, மலப்புறம் மாவட்டங்களுக்கு வந்தது. பிறகு பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் வந்தது. மனப்பாடம் குறைந்தது. குழுவாக உட்கார்ந்து செய்து பார்ப்பது கூடியது. அப்போது பல பெற்றோர் குறைப்பட்டார்கள். "பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எழுத்தே கற்கவில்லை" என்றார்கள். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. முறையை மாற்றும்போது வீட்டாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். விளக்காவிட்டால் எந்த நல்ல முறையும் வெளியிலிருந்து பார்க்க விளையாட்டாகத்தான் தெரியும்.

ஏலக்காயை நான்காகப் பிரித்தால்

அன்று அந்த வகுப்பில் பாடம் ஏலச் செடி. டீச்சர் பாடத்தை நான்கு துண்டாகப் பிரித்திருந்தார். ஒரு வட்டத்தில் நான்கு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு துண்டு.

ஒரு பிள்ளைக்குப் பூ. ஏலப் பூ செடியின் உச்சியில் பூப்பதில்லை. அடியில், தரையை ஒட்டிய சரத்தில் பூக்கிறது. இன்னொரு பிள்ளைக்குத் தேனீ. தேனீ வந்து உட்கார்ந்தால்தான் பூ காயாகும். மூன்றாம் பிள்ளைக்குக் காய் எடுப்பு. எல்லாக் காயையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது. முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். நான்காம் பிள்ளைக்கு ஸ்டோர். சூடான அறையில் காயவைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். சுமார் 5 கிலோ பச்சைக் காய் காய்ந்தால் 1 கிலோதான் மிஞ்சும்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டை நன்றாகப் படிக்க வேண்டும். பிறகு மற்ற மூவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும். கடைசியில் கேள்வி முழுப் பாடத்திலிருந்தும் வரும். பதில் ஆளாளுக்குத் தனியாக எழுத வேண்டும். அங்கே பார்த்து எழுத முடியாது. ஆகவே மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

நம் அம்மாவின் மகளுக்குக் காய் எடுப்பு வந்தது. அவளுக்கு மலையாளம் தடுமாறும். மற்ற நேரத்தில் வாயே திறக்கமாட்டாள். ஆனால் முற்றிய காய் எது, பிஞ்சு எது என்று அவளுக்குத் தெரியும். விடுமுறை நாளில் அம்மா காட்டிக் கொடுத்திருக்கிறார். பாதித் தமிழ், பாதி மலையாளம் கலந்து அவள் சொன்னாள். புரியாத இடத்தில் மற்ற பிள்ளைகள், "அது எந்த நிறம்? தொட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள். அம்மா வாசல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த முறை எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற ஊர். ஆண்டு 1971. அதுவரை அங்கே வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் மெக்சிகோ வழிவந்தவர் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளியில் படித்தார்கள். அப்போதுதான் ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளைகள் சண்டை போட்டார்கள். எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியரை அழைத்தார்கள். வகுப்பில் எப்போதும் போட்டிதான் நடக்கிறது என்று அவர் கண்டார். டீச்சர் கேள்வி கேட்கிறார். பத்துக் கைகள் உயர்கின்றன. ஒருவன் சொல்கிறான். மற்றவர்களுக்கு ஏமாற்றம். அவன் தப்பாகச் சொன்னால் அவர்களுக்குச் சந்தோஷம். ஆகவே அவரும் அவரோடு இருந்தவர்களும் பாடத்தைத் துண்டாக்கிப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு பையன் இருந்தான். வீட்டில் ஸ்பானிஷ் பேசுவான். ஆங்கிலம் திக்கும். முதலில் மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஆனால் அவனுடைய துண்டு அவனிடம் மட்டுமே இருந்தது. கேலி செய்தால் தேர்வில் தங்களுக்குத்தான் நட்டம் என்று புரிந்தது. மெல்ல மெல்ல நல்ல கேள்வி கேட்டு அவனைப் பேச வைத்தார்கள்.

குழுவாக உட்கார வைத்தாலே இதெல்லாம் நடந்துவிடாது. ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எல்லா வேலையும் செய்யும். மூன்று பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். இதுவும் நடக்கிறது. கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "எம் பிள்ளைக்கு அந்தக் குழுவுல என்ன வேலை?"

வீட்டில்

கூட்டாஞ்சோறு உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை அரிசி கொண்டு வரும். ஒரு பிள்ளை பருப்பு. ஒரு பிள்ளை சுள்ளி பொறுக்கும். யார் பங்கு வராவிட்டாலும் சோறு வேகாது. டீச்சர் செய்ததும் இதைத்தான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் ஒத்தாசை என்றால் மகள் தண்ணீர் எடுப்பது, மகள் தம்பியைத் தூக்குவது. மகன் வெளியே விளையாடுவான். இதற்குப் பெயர் ஒத்துழைப்பு அல்ல. மகனுக்கும் ஒரு குடம் கொடுங்கள்.

கூலி என்ன ஆயிற்று?

அந்த லயத்தில் ஐந்து அம்மாக்கள். எல்லார் பிள்ளைகளும் ஒரே பள்ளி. ஐந்து பேரும் பேசினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒருவர் போவது. போகிறவருக்கு இழப்பாகும் கூலியை மற்ற நால்வரும் பங்கு போட்டுக் கொடுப்பது. போனவர் மாலையில் வந்து எல்லாருக்கும் கூட்டத்தில் பேசியதைச் சொல்வது. அவரவர் பிள்ளையின் படிப்பு விவரத்தை டீச்சர் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பார். அதை மற்றவர் பிரிக்கக் கூடாது. முதல் முறை நம் அம்மாவின் முறை.

ஆனாலும் எல்லாருமே போக முடிந்தால்தானே நல்லது? அதற்காக ஐவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். எழுதி முடிக்க இரண்டு இரவுகள் ஆயின. கோடிட்ட இடத்தில் உங்கள் விவரத்தை நிரப்பி நீங்களும் எழுதிப் பாருங்கள்.

ஆனைக்கரை,
தேதி: ................

அன்புள்ள வகுப்பு ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் ........ ஆம் வகுப்பில் படிக்கிறார்கள். நாங்கள் தோட்ட வேலைக்குப் போகிறோம். வேலை நாளில் கூட்டம் வைத்தால் எங்களால் எல்லாரும் வர முடியவில்லை. கூட்டத்தை ................ கிழமை ........ மணிக்கு வைக்க முடியுமா? கூட்டத் தாளில் தமிழிலும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். நாங்களே படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
(கையெழுத்து) ................