கையெழுத்து யாருடையது?

பௌர்ணமிக்கு மறுநாள் விடிகாலையில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வந்து பாருங்கள். 14 கிலோமீட்டரையும் சுற்றி முடித்த கூட்டம் பஸ் ஏறிப் போயிருக்கும். கோயில் பக்கத்து நடைபாதை முழுக்கப் பாக்குமட்டைத் தட்டு, சாம்பார் சாதம் ஒட்டிய தொன்னை, நசுங்கிய தண்ணீர் பாட்டில், ஜோடி பிரிந்த செருப்பு. தட்டுகளில் மிச்சமிருப்பதை நாய்கள் நக்கிக்கொண்டிருக்கும். இரண்டு பெண்கள் குனிந்தபடி கூட்டிக்கொண்டு வருவார்கள். கையில் உறை இருக்காது. குவித்ததை அள்ளிப் போடச் சாக்கு இருக்கிறதா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

இதை ஆய்வு செய்து ஏதாவது மாற்ற வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் முடிவெடுத்து, ஆய்வும் கொள்கைப் பணியும் சேர்ந்த பிரிவுக்கு உங்களைத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலேயே நாலு குரல் கேட்கும். கேஸ் போடலாம் என்பார் ஒருவர். கலெக்டரைப் பார்த்துப் பேசலாம் என்பார் இன்னொருவர். ஊரைக் கூட்டலாம், ரிப்போர்ட் போட்டுப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று மற்ற இருவர். நாலையும் செய்யலாம் என்று சொல்லி எல்லோரையும் சமாதானப்படுத்தத் தோன்றும். நான் அப்படிச் சொல்லி மூன்று ஆண்டுகளைத் தொலைத்தவன்.

அந்தக் கதை சுருக்கமாக. நான் நடத்திய குழு 96 பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரித்தது. வழவழப்பான அட்டை, வண்ண வரைபடங்கள். ஓர் அதிகாரியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மரியாதையாகவே புரட்டினார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி சார், இதுல நான் கையெழுத்துப் போடுற விஷயம் எது?" எங்களிடம் பதில் இல்லை. பரிந்துரைகள் 31 இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவர் மேசைக்கு வரும் ஃபைல் அல்ல. அன்றைக்குப் பிறகு எந்த ஆய்வைத் தொடங்கும்போதும் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். எந்தக் கையெழுத்து மாறினால் இது மாறும்? வழியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு.

நீதிமன்றத்தில் தொடங்குவோம், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நடக்கப்போகும் ஒரு சேதத்தைத் தடுக்க அதைவிட வேகமான வழி கிடையாது. 2016-ல் இதே கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டுத்தான் வேலை நின்றது. வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த மாதிரி நேரத்தில் அதிகாரியிடம் தேநீர் குடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் தீர்ப்புக்கு அடுத்த நாளையும் யோசித்தாக வேண்டும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனின் வழக்கு இதற்கு நல்ல பாடம். அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் 1981-ல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். தொண்ணூறுகளில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. வயலும் குடிநீரும் உப்பாயின. 1994-ல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தை அனுப்பிக் கள ஆய்வு செய்யச் சொன்னது. இறாலில் வரும் வருமானத்தைவிட அதனால் சமூகமும் சுற்றுச்சூழலும் கொடுக்கும் விலை அதிகம் என்று நீரி கணக்குக் காட்டியது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, பாரம்பரிய முறைப் பண்ணைகளைத் தவிர, கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த மற்ற இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது.

இதில் குழுத் தலைவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தீர்ப்பைத் தாங்கி நின்ற ஆய்வு நீதிமன்றம் தானே கேட்டு வாங்கியது. வழக்குக்குப் போகும்போது உங்கள் அறிக்கை கடைசி வார்த்தையாக இருக்க வேண்டியதில்லை. 'இதை நிபுணரை அனுப்பிப் பார்க்க வேண்டும்' என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். தேதி, இடம், அளவு, புகைப்படம், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் இவை சுத்தமாக இருந்தால் 20 பக்கம் தாராளம். இரண்டாவது கசப்பானது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தத் தீர்ப்பு ஊன்றி நின்ற தரையையே எடுத்துவிட்டது. பண்ணைகளுக்கு உரிமம் கிடைக்க வழி திறந்தது. 2008-ல் ஜெகந்நாதன் தம்பதிக்கு ரைட் லைவ்லிஹுட் விருது வந்தது. சட்டம் அதற்கு மூன்று ஆண்டு முன்பே மாறியிருந்தது. நீதிமன்றக் கையெழுத்தை அழிக்க டெல்லியில் இன்னொரு கையெழுத்து போதும். அதைத் தடுக்கத் தொடர்ந்து காவல் இருக்க ஆளும் பணமும் உண்டா என்று வழக்குப் போடும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்முடைய குப்பைக்கு வருவோம். தினமும் ஒருவர் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம் செய்ய வைப்பது கடினம். உத்தரவு வரும். அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் பாதை பளபளக்கும். அவ்வளவுதான்.

அரசுக்குள் நுழைந்து வேலை செய்வது இரண்டாவது வழி. தமிழ்நாட்டில் இது நன்றாகவே நடந்திருக்கிறது, ஆனால் சத்தமில்லாமல். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிப் பள்ளியில், சுற்றுக் கிராமத்துக் குழந்தைகளுக்காக அட்டைகள் கொண்டு கற்பிக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். ஆசிரியர் கரும்பலகை முன் நின்று முழங்குவது இல்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படி மாதிரி அட்டை அட்டையாக ஏறும். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-ல் அதை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். ஆசிரியர்களையே ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்க்க வைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் உட்கார்ந்து தமிழ்நாட்டுப் பாடத்துக்கு அட்டைகள் எழுதினார்கள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாறியபோது முறையும் கூடவே போனது. 2007-08-ல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் செயல்வழிக் கற்றல்.

அறிக்கை எழுதி இதைச் சாதித்திருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம். கண்ணால் பார்க்க ஒரு பள்ளி இருந்தது, கையெழுத்துப் போடும் இடத்தில் அதை நம்பிய ஒருவர் இருந்தார். இந்த வழியில் போனால் உங்கள் குழுவுக்கு வேண்டியது வேலை செய்யும் ஒரு மாதிரி. ஒரு கிலோமீட்டர் பாதையை மூன்று பௌர்ணமிக்குச் சுத்தமாக வைத்துக் காட்டுவது 96 பக்க அறிக்கையைவிட மேல். விலையும் உண்டு. பெயர் உங்களுக்கு வராது, பகிரங்கமாகக் குறை சொல்ல முடியாது, அதிகாரி மாற்றலாகிப் போனால் புதியவரிடம் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும். மாற்றலுக்கு முன் ஒரு ஜி.ஓ. அல்லது சுற்றறிக்கையாவது வாங்கிவிடுங்கள். வாய்மொழி உத்தரவு ஆளோடு போய்விடும்.

ஊரைக் கூட்டுவது மூன்றாவது. இதற்கு ராஜஸ்தானின் தொழிலாளர்-விவசாயி அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனைவிட நல்ல ஆசான் இல்லை. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை. அவர்கள் செய்த 'ஆய்வு' என்ன? அரசாங்கத்தின் சொந்த வேலைப் பதிவேட்டை வாங்கி மைக்கில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருப்பது ஊர் நடுவே வெளியே வந்தது. அந்தப் போராட்டத்தின் நீட்சிதான் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. நாட்டிலேயே முதலில், 1997-ல், அப்படியொரு சட்டம் போட்டது தமிழ்நாடு. விலக்குகள் மலிந்த சட்டம்; அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. கேட்டு வாங்கியவர்கள் கையில்தான் சட்டம் வேலை செய்கிறது என்பது என் எண்ணம், மறுப்பவர்களும் உண்டு.

அடி அண்ணாமலையில் இந்த வழியில் போகிறவர், அந்த ஊருக்கு இப்போது கிராம சபையா நகரத்துச் சபையா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. ஓர் ஊராட்சி நகரத்துக்குள் போனால் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை போய்விடும், பகுதி சபா வரும். ஜனங்கள் நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகிய ஊரக வேலை உறுதித் திட்டமும் ஊரகத்துக்கு மட்டுமே என்பதால் அதுவும் கைவிட்டுப் போகும். குப்பையைப் பற்றிப் பேசக் கூட்டினால் ஜனங்கள் நூறு நாள் வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும். அதைக் கேட்கப் பொறுமை இல்லாதவர் இந்த வழியைத் தொட வேண்டாம்.

நான்காவது, எண்ணைச் சொல்லி ஊர் வாயில் போடுவது. 2005 முதல் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் வெளியிடும், பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் அறிக்கையைப் பாருங்கள். வாசிப்புக்குக் கருவி ஒரே ஒரு தாள்: எழுத்து, சொல், பத்தி, ஒரு சிறுகதை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிகிறதா? கேள்வி மாறாது, ஆண்டுகள் மட்டும் மாறும். அதனால்தான் அது அமைச்சர்களைக் கோபப்படுத்தியது, தலையங்கம் எழுத வைத்தது. ஒரே முறை எடுத்த நல்ல சர்வேயைவிடப் பத்து முறை எடுத்த சுமாரான எண்ணிக்கை பலம். உங்களால் பத்து முறை எடுக்க முடியாது என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. வெளிநாட்டு நிதி வாங்கும் நிறுவனம் என்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஆய்வாளர் சம்பளம் எந்தக் கணக்கில் வரும் என்று ஆடிட்டரிடம் ஆள் எடுக்கும் முன்பே கேளுங்கள். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம் கழிப்பறை கட்டும். கேஸ் போட வராது.

ஆட்களை எடுப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, முதல் ஆளாக முனைவர் பட்டக்காரரை எடுப்பது. நான் எடுப்பதானால் முதலில் ஓய்வுபெற்ற ஒரு பி.டி.ஓ. எந்த ஃபைல் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்து உள்ளூரில் வீட்டுப் படியேறிப் பேசத் தெரிந்த ஒரு பெண். புள்ளிவிவரம் தெரிந்தவரை மூன்றாவதாக எடுத்தால் போதும், வேண்டுமானால் கல்லூரியிலிருந்து பகுதி நேரமாக.

சரி, இந்தப் பாதைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? கையெழுத்துகளை எண்ணிப் பாருங்கள். மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி, அறநிலையத் துறை, நெடுஞ்சாலை, வனத்துறை, போலீஸ். ஆறு பேரும் மற்ற ஐவரைக் கை காட்டலாம். அதனால் நான் தேடுவது, ஒரே ஆள் போடும் ஒரு சின்னக் கையெழுத்தை. அது இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். தட்டும் தொன்னையும் பெருமளவு வருவது அங்கிருந்துதான். போட்டவரே அள்ளிக் கொடுக்க வேண்டும், இத்தனை பேருக்கு இத்தனை சாக்கு என்று அந்த அனுமதித் தாளில் உறுதியாக ஒரு வரி ஏற வேண்டும். பிறகு அதைப் பௌர்ணமிக்கும் நீட்டிக்கக் கேட்கலாம்.

அந்த வரிக்கு ஆதாரமாக ஆறு பௌர்ணமி, ஒரே ஒரு கிலோமீட்டர், எத்தனை சாக்கு என்று எண்ணுவேன். அதாவது நான்காவது வழியில் தொடங்கி இரண்டாவதில் முடிப்பது. சபையில் எண்ணிக்கையைப் படிப்பதோடு சரி. நீதிமன்றத்தை மரத்துக்கும் மலைக்கும் வைத்துக்கொள்வேன்.

எண்ணுவதற்கு வெளியாட்களைக் கூட்டி வர வேண்டாம். கூட்டுகிற அந்தப் பெண்களிடமே கூலி கொடுத்துக் கேளுங்கள். அப்படி ஒரு காலையில் நான் நோட்டும் பேனாவுமாக நின்று, எத்தனை சாக்கு ஆகும் என்று கேட்டேன். அந்த அம்மா நிமிராமலேயே சொன்னார்: "சாக்கு மறுநா மத்தியானந்தான் சார் வருது. ராத்திரியே குடுத்து வச்சா எண்ணலாம். இப்ப எதுல அள்ளி எத்த எண்றது?"

நோட்டில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன். சாக்குக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று விசாரிக்க அன்றைக்கே கிளம்பினேன்.