போட்டோ கேக் போடத் தொடங்கும் தங்கைகளுக்கு

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கத் தொடங்கும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது போட்டோ கேக் பற்றித்தான். பிறந்தநாள் பிள்ளையின் படம் கேக்கின் மேல் சிரித்தால் வீடே குதூகலிக்கிறது. ஆர்டரும் சேர்ந்து வருகிறது. "வீட்டில் ஒரு பிரிண்டர் சும்மாதானே கிடக்கிறது அக்கா, ஃபுட் இங்க் மட்டும் வாங்கி ஊற்றிக்கொள்ளலாமா?" என்பது அடுத்த கேள்வி. கூடாது. ஏன் கூடாது, எப்படிச் செய்தால் தகும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒருமுறை சாதாரண இங்க் ஓடிய பிரிண்டர் கேக்கிற்கு ஆகாது. மூடியைத் திறந்து, இங்க்கைத் தெளிக்கும் ஹெட் வந்து நிற்கும் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும். சின்னதாக ஒரு பஞ்சுத் திண்டு, அதைச் சுற்றி ரப்பர் விளிம்பு, பக்கத்தில் ஒரு ரப்பர் துடைப்பான். வேலை முடிந்ததும் ஹெட் அந்த இடத்தில்தான் போய் அடங்கும். நாலு வண்ணமும் ஊறிக் கறுத்துப்போன அந்த இடம்தான், நீங்கள் புதிதாக ஊற்றிய ஃபுட் இங்க் வெளிவரும் துவாரங்களை மூடுகிறது, துடைக்கிறது. டேங்க் பிரிண்டர் என்றால் டேங்கிலிருந்து ஹெட் வரை மெல்லிய குழாய்கள் ஓடும். பழைய இங்க் அவற்றின் உட்புறம் தங்கியிருக்கும். கிளீனிங் திரவம் விட்டுத் தெளிவாக வரும்வரை ஓட்டினாலும், எது போயிற்று, எது போகவில்லை என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சாதாரண இங்க்கில் சாயத்தோடு கரைப்பான்களும், பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் கிருமிக்கொல்லிகளும் உண்டு. அது காகிதத்திற்கென்று செய்த பொருள். ஒரு கேக்கில் ஒட்டுகிற துளியால் யாரும் உடனே விழுந்துவிட மாட்டார்கள் என்று வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஊட்டும் பொருளில் அந்தத் துளிக்கு இடமில்லை.

2. "கழுவி, ஃபுட் இங்க்குக்கு மாற்றித் தருகிறோம்" என்று விற்கப்படும் பழைய பிரிண்டரை வாங்காதீர்கள்.

3. புதிய பிரிண்டர் வாங்கினால், பெட்டியோடு வரும் இங்க்கை ஒருபோதும் போடாதீர்கள். 'ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பார்க்கலாம்' என்று தொடங்கினால் அதோடு அந்த பிரிண்டர் அலுவலக வேலைக்குப் போய்விட்டது. தொழிற்சாலையிலேயே சாதாரண இங்க் விட்டுச் சோதித்து அனுப்பப்படும் மாடல்களும் உண்டு. விற்பவரிடம் இதை நேராகக் கேளுங்கள். சில மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். அப்படியானால் காலியான பழைய கார்ட்ரிட்ஜில் ஊசியால் ஃபுட் இங்க் ஏற்றுவதும் தவறுதான். கேனன், எப்சன், ஹெச்பி நிறுவனங்கள் தங்கள் வீட்டு பிரிண்டர்களை உணவுக்கென்று செய்யவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உணவுக்கென்றே விற்கப்படும் பிரிண்டர் கட்டுப்படியானால் அதையே வாங்குங்கள்.

4. லேசர் பிரிண்டர் பக்கமே போக வேண்டாம். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். அதைச் சூட்டில் உருக்கித்தான் தாளில் ஒட்டுகிறார்கள்.

5. இங்க் பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இதைத்தான் நம் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருந்தால் தின்னலாம் என்று அர்த்தமில்லை. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மினுமினுப்புத் தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைத் தின்ற 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அந்தத் தூளில் இருந்தது செம்பு. நம் ஊரில் பஞ்சு மிட்டாய்க்கு நடந்ததும் தெரிந்ததே. ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அதன் விற்பனையையே தடை செய்தது. கண்ணுக்கு நல்ல ரோஸ் நிறமாகத்தான் இருந்தது.

லேபிளில் உள்ளடக்கப் பட்டியல், காலாவதித் தேதி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் மூன்றும் வேண்டும். நிறங்கள் எண்ணாக இருக்கும்: டார்ட்ரசின் 102, சன்செட் எல்லோ 110, கார்மோயிசின் 122, பான்சோ 124, பிரில்லியன்ட் ப்ளூ 133. இவை இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்டவை. 'ஃபுட் கிரேடு' என்ற சொல்லை மட்டும் ஒட்டிக்கொண்டு, உள்ளே என்ன என்று சொல்லாத பாட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

6. அனுமதிக்கப்பட்ட நிறத்திற்கும் அளவு உண்டு. கேக் போன்ற உணவுகளில் செயற்கை நிறம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வாடிக்கையாளர் அனுப்பும் படத்தில் பின்னணி கறுப்பாகவோ அடர்நீலமாகவோ இருந்தால் அதை நீக்கி வெள்ளையாக்குங்கள். இங்க் செலவு குறையும், முகமும் எடுப்பாகத் தெரியும், பிள்ளைகளின் நாக்கும் நீலமாகாது. மேலே சொன்னவற்றில் 102, 110, 122, 124 ஆகியவை சேர்ந்த உணவில், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளையின் கேக் என்றால், படம் உள்ள துண்டைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிடுங்கள்.

7. தாளில் வேஃபர் ஷீட், ஷுகர் ஷீட் என இரண்டு வகை. வேஃபர் ஸ்டார்ச்சால் ஆனது, மலிவு. படம் கொஞ்சம் மங்கும், ஈரம் பட்டால் சுருங்கும். ஷுகர் ஷீட் கிரீமோடு ஒன்றிப்போகும். பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கை முழுக்க உரித்தீர்களா என்று இருமுறை பாருங்கள். விப்பிங் கிரீம் கேக்கில் படத்தை முந்தின இரவே வைத்து ஃபிரிட்ஜில் பூட்டினால் காலையில் இங்க் கசிந்திருக்கும். டெலிவரிக்குக் கிளம்பும் முன் வையுங்கள்.

8. அந்த பிரிண்டரில் பள்ளிப் பிள்ளையின் ப்ராஜெக்ட், ஆதார் நகல் எதையும் எடுக்கக் கூடாது. 'கேக்கிற்கு மட்டும்' என்று மேலே எழுதி ஒட்டுங்கள். ஷுகர் ஷீட்டின் துகள் உள்ளே விழுந்தால் எறும்பும் கரப்பானும் வரும். வேலை முடிந்ததும் துடைத்து மூடி வையுங்கள். ஃபுட் இங்க் சீக்கிரம் காய்ந்து ஹெட்டை அடைத்துவிடும், ஆகவே சில நாளைக்கொருமுறை ஒரு வேஃபர் துண்டிலாவது எல்லா வண்ணமும் ஓட வேண்டும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். தேதி கடந்த இங்க்கோடு புதியதைக் கலக்காதீர்கள்.

9. மாதத்துக்கு நாலைந்து போட்டோ கேக்தான் வருகிறதென்றால் பிரிண்டரே வேண்டாம். பேக்கிங் பொருள் விற்கும் கடைகள் சிலவற்றில் படத்தை அனுப்பினால் அச்சிட்டுத் தருவார்கள். எந்த பிரிண்டர், எந்த இங்க் என்று கேளுங்கள், பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். ஸ்டுடியோவில் எடுத்த சாதாரண போட்டோவைக் கிரீமின் மேல் நேராக வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். படம் கட்டாயம் வேண்டுமென்றால் குச்சியில் ஒட்டி, கிரீமைத் தொடாதபடி டாப்பராக நிறுத்துங்கள்.

ஏற்கெனவே ஃபுட் இங்க் வாங்கி வைத்திருப்பவர்கள் அடுத்த ஆர்டருக்கு முன் அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியல் இல்லையென்றால், காசு போனாலும் பரவாயில்லை, அதைக் கேக்கிற்குப் பயன்படுத்த வேண்டாம்.