அப்பீலுக்கு முன்னால் ஒரு மனு

திருநாவலூரிலிருந்து எழுதிய அன்பருக்கு,

மாதத்தில் இரண்டு ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்று குடும்பநல நீதிமன்றம் சொல்லியும், போன தடவைகளில் எல்லாம் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை என்கிறீர்கள். வாங்கி வைத்த பாவாடை சட்டை இதற்குள் அளவு பற்றாமல் போயிருக்கும் என்ற வரியைப் படித்துவிட்டு மேலே போக முடியவில்லை.

ஐகோர்ட்டுக்கு அப்பீல் போகலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். உத்தரவு குறைவு என்பதல்ல, நடக்கவில்லை என்பதே உங்கள் குறை. அதற்கு, உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனு போட வேண்டும். எந்தெந்தத் தேதியில் போனீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். கொடுத்த நேரமே போதாது என்றால்தான் அப்பீல். 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதற்கு 30 நாள் தருகிறது. இடைக்கால உத்தரவுக்கு அந்தப் பிரிவில் அப்பீலே இல்லை. கெடு தாண்டியிருந்தாலும் கலங்காதீர்கள். பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல, சூழ்நிலை மாறினால் காவல் உத்தரவையும் மாற்றலாம் என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"வாங்க என்றுகூடச் சொல்லவில்லை" என்பதை மனுவில் சேர்க்க வேண்டாம். பிள்ளையைப் பார்க்க வரும் துணையை விருந்தினராக உபசரிக்க வேண்டும் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் சொன்னார். அப்பீலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அதுதான் சரி. வழக்கு பிள்ளையைப் பற்றியது, மரியாதையைப் பற்றியது அல்ல.

பள்ளிக்கூட வாசலிலிருந்து தூக்கி வந்துவிடுவேன் என்று எழுதியதை மனதிலிருந்தும் அழித்துவிடுங்கள். மிரண்டுபோகிறவள் உங்கள் மகள்தான். உங்கள் ஊரில் பிறந்த சுந்தரரும் பெற்றவர் வீட்டில் வளரவில்லை. தெருவில் சிறுதேர் உருட்டிய பிள்ளையை அரசர் நரசிங்க முனையரையர் கேட்டு வாங்கிப் போய் வளர்த்தார். ஆனாலும் பருவம் வந்ததும் கல்யாணம் பேசியவர் தகப்பனார் சடையனார்தான். வேறு வீட்டில் வளர்வதால் உங்கள் மகளுக்கும் நீங்கள் அப்பா இல்லாமல் போய்விட மாட்டீர்கள்.

வரும் ஞாயிறும் தவறாமல் போங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேளுங்கள். தகுதி இருந்தால் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.