குடியும் உடல்வாகும்

ஒரே வயலில் ஒரே எருவிட்டு வளர்த்தாலும் விதைக்கு விதை விளைச்சல் மாறுபடும் என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மதுவை ஏற்கும் உடலும் அவ்வாறே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. துறையூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், "அவன் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தப்பமாட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகாது" என்று சிலரைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கேட்கிறோம். இப்பேச்சு சரிதானா என்று ஆராய்வோம்.

வயிற்றிற் சென்ற மது குருதியில் கலந்து கல்லீரலை அடைகிறது. அங்கே ஒரு நொதி அதனை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அந்நஞ்சை முறிக்கிறது. இந்நொதிகளின் வலிமை பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வருவது. ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இரண்டாவது நொதி பிறவியிலேயே குன்றியிருக்கிறது. சிறிதளவு அருந்தினாலும் அவர்களுக்கு முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். ஆகவே அவர்களுட் பலர் மதுவை நாடுவதில்லை. தமிழ்நாட்டிலோ இக்குறை மிக அரிது. இயற்கை இட்ட அவ்வேலி நமக்கு இல்லை என்க.

இனி, நிதானம் தப்பாதவனைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்து மருத்துவப் பேராசிரியர் மார்க் ஷக்கிட், இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளவிட்ட மதுவைக் கொடுத்துச் சோதித்தார். சுமார் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் அவர்களை ஆராய்ந்தார். முடிவு 1994-இல் வெளியாயிற்று. குடிநோயாளிகளின் மைந்தர்களுள், மது மிகக் குறைவாகத் தாக்கியவர்களில் 56 விழுக்காட்டினர் பின்னர் குடிநோய்க்கு ஆளாயினர். மிகுதியாகத் தாக்கியவர்களிலோ 14 விழுக்காட்டினரே ஆளாயினர். போதை எளிதில் ஏறாதவன் மேலும் மேலும் குடிக்கிறான். தலை தாங்கினாலும் கல்லீரல் தாங்குவதில்லை. ஊரார் பெருமையாகச் சொல்வது உண்மையில் அபாய அறிவிப்பே ஆகும். ஆயினும் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதிதான். ஆதலின் குடிகாரன் மகன் குடிகாரனே என்று இளைஞரைப் பழிப்பதும் தகாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரை மாய்த்த கள்ளச்சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதைத் தாங்கும் உடல்வாகு எவருக்கும் இல்லை.

மேற்கூறிய இரண்டாவது நொதியைத் தடுக்கும் மருந்தும் உண்டு. டைசல்ஃபிராம் என்பது அதன் பெயர். அதன் இப்பயனை டென்மார்க் நாட்டு அறிஞர்கள் 1948-இல் வெளியிட்டனர். அதை உண்டவன் மது அருந்தினால், ஜப்பானியருக்கு நேரும் துன்பம் அவனுக்கும் கடுமையாக நேரும். மருத்துவர் மேற்பார்வையில், உண்பவன் சம்மதத்துடன் கொடுத்தால் நன்மை பயக்கும். கணவன் அறியாமற் குழம்பிற் கலந்து கொடுப்பதோ கொடிய ஆபத்து. இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரே போகலாம். வீட்டுப் பெண்களின் துயரம் நமக்குப் புரிகிறது. எனினும் இம்முறையைக் கைவிடவேண்டும். "தெரியாமலே கொடுக்கலாம்" என்று விளம்பரமாகும் பொடிகளையும் வாங்கலாகாது.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவனை அறையில் அடைத்துத் திடீரென நிறுத்தச் செய்வதும் தவறு. இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் பிதற்றலும் தோன்றக்கூடும். அத்தகையோரை முதலில் துறையூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. தனியே செல்லக் கூசுவோருடன் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் துணையாகச் செல்லலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.